லேபிளை மறைக்காமல் ஒரு ராக்ஸ்டெடி மிக்ஸ்

1950களில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் சவுண்ட் சிஸ்டம் நடத்தியவர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. நம்ம ஊர் மைக் செட் மாதிரிதான் சவுண்ட் சிஸ்டமும். ஆனால் கூட்டம் வருவதே அவர்கள் போடும் பாட்டுக்காக. அமெரிக்காவிலிருந்து அருமையான ரெக்கார்டு ஒன்று கைக்கு வந்தால், முதல் வேலையாக அதன் லேபிளைச் சுரண்டிவிடுவார்கள். எதிர் செட்டுக்காரருக்குப் பாட்டின் பெயர் தெரிந்துவிடக் கூடாது. கிளமென்ட் காக்ஸன் டாட் ஒரு சாக்ஸபோன் ரெக்கார்டுக்குத் தானாகவே 'காக்ஸன் ஹாப்' என்று பெயர் சூட்டி வெகுகாலம் கூட்டத்தைக் கட்டிப்போட்டார். அதை வாசித்தவர் வில்லிஸ் ஜாக்ஸன் என்று துப்புத் துலக்கி, டியூக் ரீட் தன் செட்டில் போட்டுக் காட்டிய கதை ஜமைக்கா இசை வரலாற்றில் பிரசித்தம்.

அந்த இருவரும் பிறகு தாங்களே ஸ்டூடியோ வைத்துத் தயாரித்த ராக்ஸ்டெடி, ரெக்கே ரெக்கார்டுகளைத்தான் இன்று உலகமெங்கும் தேடி வாங்குகிறார்கள். அவற்றிலிருந்து ஒரு மணி நேர மிக்ஸ் ஒன்றை, அதாவது இடைவெளி இல்லாமல் ஓடும் பாட்டுத் தொடர் ஒன்றை, கோத்து இணையத்தில் பகிர நினைக்கும் புதியவர்களுக்கு இந்தக் கட்டுரை. டிஜே அனுபவம் எல்லாம் தேவையில்லை. ஒரு டர்ன்டேபிள், ஒரு கணினி, இருபது தட்டுகள் போதும். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: லேபிளைச் சுரண்டும் வேலை இங்கே ஆகாது. யார் பாடியது, யார் வாசித்தது, எந்த லேபிள் என்று சொல்லாத மிக்ஸ் பாதி மிக்ஸ்தான்.

முதலில் காது

1962-ல் ஜமைக்கா விடுதலை பெற்ற சமயத்தில் அங்கே ஓடிக்கொண்டிருந்தது ஸ்கா. வேகமான தாளம், முன்வரிசையில் ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும். 1966 வாக்கில் வேகம் தணிந்தது. அந்த வருடம் வெயில் கொளுத்தியதால் ஆட முடியாமல் பாட்டை மெதுவாக்கினார்கள் என்று சொல்வார்கள். நம்புவது உங்கள் இஷ்டம். எப்படியோ, ஊதும் வாத்தியங்கள் பின்னால் போய், பாஸ் கிட்டார் முன்னால் வந்தது. அதுவும் தாளத்தின் எல்லா அடியிலும் விழாமல், இடம் விட்டு இடம் விட்டு நடக்கும் பாஸ். டிரினிடாடிலிருந்து வந்த லின் டைட் என்ற கிட்டார் கலைஞர், அந்த பாஸ் வரியையே கம்பியை அமுக்கிப் பிடித்து உடன் வாசித்தார். இதுதான் ராக்ஸ்டெடி. 1967-ல் ஆல்டன் எல்லிஸ் அந்தப் பெயரிலேயே ஒரு பாட்டுப் பாடினார். மொத்தம் இரண்டு வருடம்கூட முழுதாக நிற்கவில்லை. 1968-ல் ஆர்கனும் கிட்டாரும் இன்னும் சுறுசுறுப்பாகி ரெக்கே வந்துவிட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாம் பதிவு செய்யும்போதும் சுத்தம் செய்யும்போதும் காப்பாற்ற வேண்டியவை இரண்டே இரண்டு: அந்த பாஸ், அப்புறம் அதன் மேலே மெல்லிசாக வெட்டி வெட்டிப் போகும் கிட்டார். இவை கெட்டால் ராக்ஸ்டெடியில் மிச்சம் ஒன்றுமில்லை.

தட்டு வாங்கும்போது

பெரும்பாலானவை நிமிடத்துக்கு 45 முறை சுற்றும் 7 அங்குலத் தட்டுகள், சுருக்கமாக 45. நம் பழைய சினிமாப் பாட்டு ஈ.பி.களில் பெரும்பாலும் நடுவே சின்ன ஓட்டைதான் இருக்கும். ஜமைக்கா 45-ல் ஓட்டை பெரிது. அதற்கென்று பிளாஸ்டிக் அடாப்டர் உண்டு. தட்டோடு சேர்த்து அதையும் வாங்கிவிடுங்கள். அடாப்டர் இல்லாமல் கண் மதிப்பில் நடுவில் வைத்து ஓட்டினால் பாடகர் குரல் அலை அலையாக ஏறி இறங்கும்.

ஜமைக்கா அச்சுக்கும் இங்கிலாந்து அச்சுக்கும் வித்தியாசம் பெரிது. ஜமைக்காவில் சில சமயம் பழைய ரெக்கார்டுகளை உருக்கியே புது ரெக்கார்டு போட்டார்கள். அதனால் புத்தம் புதிய தட்டிலேயே சரசரப்பு இருக்கும், ஓட்டை ஒரு பக்கமாக ஒதுங்கி இருக்கும், லேபிள் சாய்ந்து ஒட்டியிருக்கும், சிலவற்றில் லேபிளே வெற்றுத் தாள். ஆனால் பாஸ் கனமாக இருக்கும். ட்ரோஜன், ஐலண்ட் போன்ற இங்கிலாந்து லேபிள்களின் அச்சு சுத்தமாக ஒலிக்கும், எளிதாகவும் கிடைக்கும். விற்பவர் 'வி.ஜி.' (வெரி குட்) என்று தரம் போட்டிருந்தால் கீறல் கண்டிப்பாக உண்டு என்று பொருள். பார்க்க மோசமான ஜமைக்கா தட்டு நன்றாக ஒலிப்பதும், பளபளப்பான தட்டு தேய்ந்து போயிருப்பதும் சகஜம். ஒலித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்; நல்ல வியாபாரி ஒரு சிறு ஒலித்துண்டு அனுப்புவார்.

முதல் மிக்ஸுக்கு அசல் அச்சுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். சோல் ஜாஸ் என்ற லேபிள் வெளியிட்ட, காக்ஸன் டாடின் ஸ்டூடியோ ஒன் தொகுப்புகள், டப் ஸ்டோர் என்ற ஜப்பானிய லேபிளின் மறுஅச்சுகள் எல்லாம் நல்ல தரம். மறுஅச்சு வாங்கினால் அடுத்த பாட்டும் வெளிவர வழி உண்டாகும். அசலை மட்டுமே மதிப்பது சேகரிப்பாளர்களின் ஜம்பம். கேட்பவருக்கு அது தேவையே இல்லை.

கழுவுதல்

புதிதாக வந்த பழைய தட்டைக் கழுவாமல் ஊசி வைக்காதீர்கள். பள்ளத்தில் ஐம்பது வருட அழுக்கு இருக்கிறது. சத்தத்தைக் கெடுப்பது மட்டுமல்ல, ஊசியையும் தேய்க்கும். டிஸ்டில்டு வாட்டர் அரை லிட்டர், அதில் வாசனை இல்லாத பாத்திரம் கழுவும் திரவம் ஓரிரு சொட்டு. மென்மையான பிரஷ்ஷை நனைத்து, பள்ளம் போகும் வழியிலேயே வட்டமாகத் தேய்க்க வேண்டும், குறுக்கே கூடாது. லேபிள் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஜமைக்கா லேபிளின் மலிவு மை தண்ணீர் பட்டால் கரைந்து, பாடகர் பெயர் ஊதா நிறக் கறையாகிவிடும். பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இன்னொரு முறை அலசி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி, செங்குத்தாக நிறுத்திக் காய விடுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். உப்பு பள்ளத்தில் படிந்துவிடும்.

ஆல்கஹால் கலந்த திரவம் வினைல் தட்டுக்குச் சிலர் பயன்படுத்துவார்கள். ஆனால் அசிடேட் எனப்படும் டப்பிளேட், அதாவது அச்சடிக்காமல் ஒரே பிரதியாக வெட்டிய தட்டு, உங்கள் கையில் வந்தால் அதன் பக்கமே ஆல்கஹாலைக் கொண்டுபோகாதீர்கள். மேல்பூச்சு கரைந்துவிடும், பாட்டும் அதோடு போய்விடும்.

கடலோர ஊர்களில் இருப்பவர்கள் பழைய காகித உறையைத் தூக்கி எறிந்துவிட்டுப் புது உறை போடுவது நல்லது. ஈரத்தில் பூஞ்சை உறையிலிருந்துதான் தட்டுக்கு ஏறும்.

ஊசியும் மோனோவும்

அறுபதுகளின் ஜமைக்கா 45கள் அநேகமாக எல்லாமே மோனோ. இது நமக்கு லாபம். மோனோ தட்டில் இசை முழுக்கப் பள்ளத்தின் பக்கவாட்டு அசைவில்தான் இருக்கிறது. ஊசி மேலும் கீழும் குதிப்பதால் வருவது வெறும் சத்தம்தான். இடது, வலது இரண்டு சேனலையும் கூட்டி மோனோவாக மாற்றினால் அந்த மேல்கீழ் சத்தம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். சரசரப்பில் ஒரு பங்கு, எந்த வடிகட்டியும் இல்லாமல் அங்கேயே குறைந்துவிடும்.

இன்னொரு தந்திரம். பல வருடம் செட்டில் ஓடிய தட்டில் பள்ளத்தின் ஒரு சுவர் மற்றதைவிட அதிகம் தேய்ந்திருக்கும். பதிவை ஸ்டீரியோவாகவே எடுங்கள். இடதை மட்டும் கேளுங்கள், வலதை மட்டும் கேளுங்கள், இரண்டையும் கூட்டிக் கேளுங்கள். மூன்றில் எது சுத்தமோ அதை வைத்துக்கொண்டு மற்றதை விடுங்கள். சில தட்டுகளில் ஒரே ஒரு சேனல் அவ்வளவு தெளிவாக இருக்கும், வேறு பிரதியோ என்று சந்தேகம் வரும்.

ஊசி விஷயத்தில், தேய்ந்த 45களுக்குக் கோனிக்கல், அதாவது கூம்பு வடிவ முனை எனக்குப் பிடிக்கும். ஆடியோ டெக்னிக்கா விஎம்95சி போன்ற சாதாரண விலைக் கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருந்திய சிறு பெட்டி) போதும். அதற்கு 2 கிராம் எடை வையுங்கள். எடை குறைந்தால் ஊசி குதிக்கும், அப்போதுதான் தட்டுக்கு அதிக சேதம். பழைய 78 அரக்குத் தட்டுக்கான ஊசியை இதில் போடக் கூடாது, பள்ளத்தின் அகலமே வேறு.

பதிவு

டர்ன்டேபிளிலிருந்து வரும் மின்சைகை மிக மெல்லியது. அதில் பாஸைக் குறைத்தும் மேல்சுருதியைக் கூட்டியும்தான் ரெக்கார்டை வெட்டியிருப்பார்கள். அதைத் திரும்ப நேராக்கும் வேலை ஃபோனோ பிரிஆம்ப்புடையது. சில டர்ன்டேபிள்களில் அது உள்ளேயே இருக்கும். உள்ளே இருப்பதையும் வெளியே இருப்பதையும் சேர்த்துப் போட்டுவிட்டால் பாஸ் உறுமி ஒலி கலங்கும், ஒன்றுதான் வேண்டும். அங்கிருந்து, ஒலியைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் ஆடியோ இன்டர்ஃபேஸ், அங்கிருந்து கணினி. 'ம்ம்ம்' என்று ஓயாத இரைச்சல் கேட்டால் எர்த் ஒயர் சரியாக மாட்டவில்லை என்று அர்த்தம்.

ஆடாசிட்டி இலவச மென்பொருள், இந்த வேலைக்குத் தாராளம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டின் மிக உரத்த இடத்தில் மீட்டர் -6 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும். சிவப்பைத் தொட்டால் அந்த நறுக்கலை எந்த மென்பொருளும் திருப்பிக் கொடுக்காது. பதிவு செய்யும்போது ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஸ்பீக்கரின் பாஸ் மேசை வழியாக ஊசிக்கு ஏறித் திரும்பப் பதிவாகும்; ராக்ஸ்டெடியில் இது மற்ற இசையைவிட மோசமாகத் தெரியும்.

அப்புறம் சுத்தம். 25 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டிவிடலாம், அங்கே மோட்டார் உறுமலைத் தவிர வேறில்லை. பெரிய 'டக்' சத்தங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் திருத்துங்கள். இத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நாய்ஸ் ரிடக்ஷன் என்ற பொத்தானை அழுத்தினால் சரசரப்போடு சேர்த்து டிரம்ஸின் ஹைஹாட் தாளத்தகடும் ஆர்கனின் மூச்சும் போய்விடும், பாடகர் தண்ணீருக்குள் நின்று பாடுவது போலாகும். கொஞ்சம் சரசரப்பு இருந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

வரிசைதான் மிக்ஸ்

புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது பீட் மேட்சிங் பற்றி, அதாவது இரண்டு பாட்டின் வேகத்தை ஒன்றாக்குவது பற்றி. இங்கே அதை மறந்துவிடுங்கள். இவை ஸ்டூடியோவில் ஆட்கள் உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசித்தவை. நடுவில் வேகம் கொஞ்சம் கூடும், குறையும். ஜமைக்காவில் பல செட்டுகள் வெகுகாலம் ஒரே டர்ன்டேபிளில்தான் ஓடின. தட்டு மாற்றும் இடைவெளியை டீஜே மைக்கில் பேசி நிரப்புவார். அங்கே டீஜே என்றால் பேசுபவர். தட்டுப் போடுபவர் செலக்டர். நீங்கள் செலக்டர். உங்கள் திறமை எதை எதன் பின்னால் போடுகிறீர்கள் என்பதில் இருக்கிறது.

பாட்டுகள் இரண்டரை, மூன்று நிமிடம்தான். முழுதாக ஓட விடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு இருபது பாட்டு வரும். பெரும்பாலானவை கடைசியில் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து முடியும்; சத்தம் பாதியாகக் குறையும்போது அடுத்ததைத் தொடங்கினால் போதும். இரண்டு பாஸ் வரி ஒரே நேரத்தில் மோதக் கூடாது. ஒரே டர்ன்டேபிள் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்து ஆடாசிட்டியில் அடுக்கலாம், யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

எப்படி அடுக்குவது? எனக்குத் தெரிந்து மூன்று வழிகள் நன்றாக வேலை செய்யும். ஒன்று, ஒரே தயாரிப்பாளர். டியூக் ரீட் முன்னாள் போலீஸ்காரர். பாண்ட் தெருவில் அவர் நடத்திய மதுக்கடைக்கு மேல்மாடியில்தான் ட்ரெஷர் ஐல் ஸ்டூடியோ. அங்கே சாக்ஸபோன் கலைஞர் டாமி மெக்குக்கும் அவருடைய சூப்பர்சோனிக்ஸ் குழுவும் வாசித்தவற்றை மட்டும் ஒரு மணி நேரம் போட்டால், ஒரே அறைக்குள் உட்கார்ந்து கேட்பது போல ஒலி ஒத்துப்போகும். பிரென்ட்ஃபோர்ட் ரோட்டில் இருந்த டாடின் ஸ்டூடியோ ஒன் அதைவிடக் கரடுமுரடானது, பாஸ் இன்னும் தடிமன்.

இரண்டு, காலம். 1966-ன் மெதுவாகும் ஸ்காவில் தொடங்கி 1969-ன் துடிப்பான ரெக்கேவில் முடிப்பது. வேகம் தானாக ஏறும், கேட்பவருக்கு வரலாறும் விளங்கும்.

மூன்றாவதுதான் இந்த இசைக்கே உரியது: ரிதிம். ஒரே பின்னணி இசையின் மேல் பலர் பல பாட்டுகள் பாடியிருப்பார்கள். இது தொடங்கிய விதமே சுவையானது. ரட்டி ரெட்வுட் என்ற சவுண்ட் சிஸ்டக்காரருக்கு டியூக் ரீடின் ஸ்டூடியோவில் பாராகன்ஸ் குழுவின் பாட்டு ஒன்றை டப்பிளேட்டாக வெட்டிக் கொடுத்தபோது, குரலைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். அன்று இரவு முதலில் குரலோடு, பிறகு குரல் இல்லாமல் போட்டார். கூட்டமே சேர்ந்து பாடியது. அதிலிருந்து 45-ன் மறுபக்கத்தில் குரலில்லாத 'வெர்ஷன்' போடும் வழக்கம் வந்தது. 1970-ல் யூ-ராய், டியூக் ரீடின் பழைய ராக்ஸ்டெடிப் பின்னணிகள் மேல் பேசிப் பாடி ஜமைக்கா தரவரிசையின் முதல் மூன்று இடங்களையும் பிடித்தார். ஆகவே உங்கள் மிக்ஸில் மூல ராக்ஸ்டெடிப் பாட்டு, அதையடுத்து அதே பின்னணியில் யூ-ராய் பேசியது, பிறகு எழுபதுகளில் வேறொருவர் பாடியது என்று மூன்றைத் தொடர்ந்து போடலாம். பின்னணி ஒன்றே என்பதால் சேரும் இடம் புதியவர் கைக்கும் சுலபமாக அமையும். ஆனால் ஒரே ரிதிமில் நாலுக்கு மேல் போனால் அந்த இசைப் பைத்தியங்களைத் தவிர மற்றவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

இடையில் ஒரு தெரிந்த முகம் வேண்டும். போனி எம் 1978-ல் பாடி நம்மூர் டேப்ரெக்கார்டர்களிலும் ஒலித்த 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலன்', மெலோடியன்ஸ் குழு 1970-ல் தயாரிப்பாளர் லெஸ்லி காங்குக்காகப் பாடியது. பதினைந்து தெரியாத பாட்டுக்கு நடுவே அது வந்தால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

பட்டியல் எழுதுதல்

இதற்கு மிக்ஸுக்குச் செலவிட்ட நேரத்தில் பாதியாவது ஒதுக்குங்கள். ஒரு வரி இப்படி இருக்கலாம்:

த பாராகன்ஸ் – த டைட் இஸ் ஹை – ட்ரெஷர் ஐல், 1967 – தயாரிப்பு: டியூக் ரீட் – எழுதியவர்: ஜான் ஹோல்ட் – இசை: டாமி மெக்குக் அண்ட் த சூப்பர்சோனிக்ஸ்

பிளாண்டி குழு 1980-ல் பாடி உலகமெங்கும் ஓடிய பாட்டின் மூலம் இதுதான் என்று பக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது.

லேபிளில் இருப்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஜமைக்கா லேபிள்களில் பாடகர் பெயர் மாறியிருக்கும், இரண்டு பக்கமும் இடம் மாறி ஒட்டியிருக்கும், ஆண்டு அநேகமாக இருக்காது. தட்டைச் சாய்த்து விளக்கின் கீழ் பிடியுங்கள். பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் வழவழப்பான வளையத்தில் கையால் கீறிய எழுத்தும் எண்ணும் தெரியும். அதுதான் மேட்ரிக்ஸ் எண். அதை டிஸ்காக்ஸ் என்ற ரெக்கார்டு விவர இணையதளத்தில் தேடினால் எந்த அச்சு, மறுபக்கம் என்ன, வேறு எந்த லேபிளில் வந்தது என்று பெரும்பாலும் பிடித்துவிடலாம். ஸ்டூடியோ ஒன் தன் பழைய பாட்டுகளைப் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப அச்சடித்தது; அதனால் பாட்டு பதிவான ஆண்டு வேறு, உங்கள் கையில் இருக்கும் தட்டின் ஆண்டு வேறு. இரண்டையும் பிரித்து எழுதுங்கள். உறுதியில்லாத ஆண்டின் பக்கத்தில் 'சுமார்' போட்டுவிடுங்கள்.

அந்தக் காலத்து வாத்தியக்காரர்கள் பலருக்கு அன்றைய கூலியோடு கணக்கு முடிந்தது. பெயர் லேபிளிலும் இல்லை. உங்கள் பட்டியலிலாவது இருக்கட்டுமே.

எங்கே ஏற்றுவது

பழைய பாட்டுதானே, உரிமை முடிந்திருக்கும் என்று நினைப்பவர்கள் அதிகம். இந்தியாவில் ஒலிப்பதிவுக்கான பதிப்புரிமை வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள். பிரிட்டனில் 70. ஜமைக்கா 2015-ல் சட்டத்தைத் திருத்தி 50 ஆண்டை 95 ஆக்கிவிட்டது. 1967-ன் ரெக்கார்டு அங்கே 2062 வரை உரிமையில் இருக்கும். பாட்டு எழுதியவரின் உரிமை இதெல்லாம் போகத் தனிக் கணக்கு.

எனவே தனித்தனிப் பாட்டுகளைப் பதிவிறக்கத்துக்கு வைப்பது வேண்டாம். முழு மிக்ஸை மிக்ஸ்கிளவுட் என்ற இணையதளத்தில் ஏற்றுவதுதான் புதியவருக்கு நான் சொல்லும் வழி. அவர்கள் உரிமையாளர்களோடு ஒப்பந்தம் வைத்திருக்கிறார்கள். பட்டியலைப் பார்த்துத் தொகை போய்ச் சேரும். அதற்காகவும் பட்டியல் சரியாக இருக்க வேண்டும். ஒரே கலைஞரின் பாட்டுகளை மேலே மேலே அடுக்கினால் சில நாடுகளில் மிக்ஸ் கேட்காமல் போகலாம். முழுக்க ஆல்டன் எல்லிஸ் என்று போட ஆசைப்படுபவர்கள் இதைக் கவனியுங்கள். இலவசக் கணக்கில் எத்தனை ஏற்றலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. யூடியூபிலும் சவுண்ட்கிளவுடிலும் தானியங்கிச் சோதனை நடுவில் ஒரு பாட்டைப் பிடித்துக்கொண்டால் மொத்த மிக்ஸும் முடங்கலாம்.

ஏற்றுவதற்கு எம்பி3, 320 கிலோபிட் போதுமானது. மிக்ஸ் முழுக்க ஒலி அளவு ஒரே சீராக இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஜமைக்கா அச்சு ஒன்று அமுங்கியும் இங்கிலாந்து அச்சு ஒன்று அலறியும் இருக்கும், பாட்டுக்குப் பாட்டு கையால் சமன் செய்ய வேண்டும். பேச விரும்பினால் தமிழிலேயே பேசுங்கள், ஆனால் பாட்டின் முன்னிசை மேல் மட்டும். பாடகர் வாயைத் திறந்ததும் நீங்கள் மூடிவிட வேண்டும்.

மூலப் பதிவுகளைத் திருத்துவதற்கு முன்பே தரம் குறையாத ஃப்ளாக் வடிவில் ஒரு தனி ஹார்ட் டிஸ்க்கில் சேமித்துவிடுங்கள். கோப்பின் பெயரில் மேட்ரிக்ஸ் எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத வெற்று லேபிள் தட்டு ஒன்றை நீங்கள் ஏற்றினால், அதைப் பாடியது யார் என்று எங்கிருந்தாவது ஒருவர் எழுதுவார். அன்று பட்டியலைத் திருத்தி, சொன்னவருக்கு நன்றி போட்டு, கோப்பின் பெயரையும் மாற்றிவிட்டு அடுத்த மிக்ஸுக்குத் தட்டுகளைக் கழுவ ஆரம்பிக்கலாம்.